கொக்கு வெள்ளைத் திட்டாக வருகிறது

அன்பின் அண்ணா,

மாமா கொண்டுவந்து தந்த சின்னக் கமரா ஒன்று இருக்கிறது, 30 மடங்கு ஸூம். வாவிக்கரையில் பின்னேரம் எடுத்தால் பறவை எல்லாம் கறுத்துப் போகிறது, காலையில் எடுத்தால் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டு. மீன்கொத்தி எப்போதும் கலங்கல்தான். பெரிய கமரா வாங்கினால்தான் சரிவருமா?

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்பின் தம்பி,

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் ஊருக்கு மட்டக்களப்பு வாவி மேற்கே இருக்கிறது, பின்னேரம் வெயில் நேரே லென்ஸுக்குள் அடிக்கும், பிறகு எந்தக் கமராவாக இருந்தாலும் பறவை கறுக்கத்தான் செய்யும். காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும், எட்டரைக்குள் எடுத்து முடியுங்கள், அதற்குப் பிறகு தண்ணீருக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். பின்னேரம்தான் நேரம் கிடைக்குமென்றால் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கிழக்குப் பார்த்து நில்லுங்கள்.

கொக்கு விஷயம். பின்னால் இருக்கிற கண்டல் மரங்களின் கறுப்பைப் பார்த்துவிட்டு கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அதில் வெள்ளை எரிந்துபோகிறது. பிளஸ் மைனஸ் போட்ட பட்டனை அழுத்தி மைனஸ் 0.7 அல்லது 1 வையுங்கள், முதுகுச் சிறகின் இழைகள் திரையில் தனித்தனியாகத் தெரியவேண்டும். இருட்டாக வந்த படத்தைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது.

டிஜிட்டல் ஸூமை மெனுவில் நிறுத்திவிடுங்கள், அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கிறது, வேறொன்றும் இல்லை. முழு ஸூமில் லென்ஸுக்குள் வெளிச்சம் குறைவாகவே வரும், ஷட்டர் மெதுவாகும், அதாவது கூடிய நேரம் திறந்திருக்கும், கை ஆட்டம் படத்தில் கலங்கலாக விழும். ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்க முடிந்தால் 1/500 செக்கனை விட மெதுவாக வைக்காதீர்கள், கமரா வாரைக் கழுத்தில் போட்டு முன்னால் இழுத்துப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மீன்கொத்தியைத் துரத்தவே வேண்டாம், அது திரும்பத் திரும்ப ஒரே கம்பில்தான் வந்து குந்தும். கம்பில் ஃபோகஸ் பண்ணி பட்டனைப் பாதி அழுத்தியபடி காத்திருங்கள், வந்ததும் தொடர்ச்சியாக நாலைந்து எடுங்கள்.

மாசி, பங்குனி நல்ல காலம், மாரி ஓய்ந்திருக்கும், வலசை வந்தவையும் இன்னும் போயிருக்காது.

அப்புறம் ஒன்று, இதை எல்லாவற்றையும் விட முக்கியமாகச் சொல்கிறேன். வயல் பக்கம் ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தினால் முட்டையோ குஞ்சோ கிட்டத்தில் வெறுந்தரையில் இருக்கிறது, மண் நிறமும் புள்ளியுமாகக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காலில் மிதிபடும். தாய் எழும்பி நிற்கிற நேரமெல்லாம் வெயில் முட்டையில் நேரே விழுகிறது. வந்த வழியாலேயே திரும்பிவிடுங்கள். கூட்டுப் படம் எடுத்தாலும் எனக்கு அனுப்ப வேண்டாம், போடமாட்டேன்.