ஹைடியும் ஆலிஸும்

வணக்கம் ஐயா,

நான் சுவிட்சர்லாந்தில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை எல்லோரும் ஹைடி என்றுதான் கூப்பிடுவார்கள். தபால் பெட்டியில் மட்டும் 'ஆடல்ஹைட்' என்று எழுதியிருக்கும். ஏன் இரண்டு பெயர் என்று மகள் கேட்டாள். இணையத்தில் தேடினால் 'ஹைடி என்றால் உயர்குலத்தவள்' என்கிறார்கள். இவ்வளவு சின்னப் பெயருக்குள் அந்தப் பொருள் எங்கே ஒளிந்திருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் சந்தேகம் சரிதான். 'உயர்குலம்' ஹைடியில் இல்லை. வெட்டிப்போட்ட முன்பாதியில் போய்விட்டது.

ஆடல்ஹைட் பழைய ஜெர்மானியப் பெயர். அதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'அடல்' என்றால் உயர்குடி. 'ஹைட்' என்றால் இயல்பு, நிலை, வகை. இந்த ஹைட் அன்று தனியாகவே வழங்கிய சொல். இன்றைய ஜெர்மனில் அது விகுதியாகச் சுருங்கிவிட்டது. ஃப்ரைஹைட் (விடுதலை), ஷோன்ஹைட் (அழகு), கிண்ட்ஹைட் (குழந்தைப் பருவம்) என்று உங்கள் மகள் பள்ளியில் தினமும் கேட்பாளே, அதே ஹைட்தான். நம் 'மை' விகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடல்ஹைட் என்பது ஏறக்குறைய 'மேன்மை'. அதில் 'மேன்' போய் 'மை' மட்டும் நின்று, அதற்கு ஒரு செல்ல 'இ' சேர்ந்தால் ஹைடி!

எல்லா ஜெர்மானியப் பெயருக்கும் இப்படிப் பொருள் கூட்டிவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். 597இல் இறந்த பிராங்க் அரசி ஃபிரெடெகுண்டின் பெயரில் முதல் பாதி அமைதி, அடுத்த பாதி போர். ஹில்டெகுண்ட் என்ற பெயரில் இரண்டு பாதியுமே போர்தான். பெற்றோர் பெயரிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சேர்க்கும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. 11ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆயர் வுல்ஃப்ஸ்டனின் அம்மா வுல்ஃப்கிஃபு, அப்பா ஏதல்ஸ்டன். துண்டுகளை ஒட்டிப் பார்த்தால் விளங்கிவிடும். இங்கே பெயர் என்பது உறவைச் சொல்லும் அடையாளம். அதை ஒரு வாக்கியமாகப் படிக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் போடும் தளங்கள் இதைச் சொல்வதே இல்லை, எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

ஆடல்ஹைட்டைப் புகழ்பெறச் செய்தவர் பேரரசி ஆடல்ஹைட். 931 வாக்கில் பர்கண்டி அரச குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதுக்குள் கணவரை இழந்தார். இத்தாலிய அரியணையைப் பிடித்த பெரெங்கார் அவரைச் சிறை வைத்தான். அங்கிருந்து தப்பி, ஜெர்மன் அரசர் முதலாம் ஓட்டோவை மணந்தார். 962இல் ரோமில் இருவருக்கும் முடிசூட்டு விழா நடந்தது. பின்னாளில் சிறுவனான பேரனுக்காக ஆட்சியையும் நடத்தினார். 999இல் இறந்தவரைத் திருச்சபை 1097இல் புனிதராக அறிவித்தது. அப்புறம் அந்தப் பெயர் பரவியதில் ஆச்சரியமென்ன?

பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது அடெலாயிட் ஆனது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரம் 1836இல் அந்தப் பெயரைப் பெற்றது பிரிட்டிஷ் அரசி ஒருவரால். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். பழைய பிரெஞ்சிலேயே இன்னொரு கிளை தேய்ந்து தேய்ந்து ஆலிஸ் ஆனது. நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களிலும் ஆலிஸ்கள் உண்டே, அதே பெயர்தான்.

மகளின் வகுப்பில் ஆலிஸ் யாராவது இருந்தால் சொல்லச் சொல்லுங்கள்: பக்கத்து வீட்டு ஹைடி அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே பெயர்.