முறுக்கு எண்ணெயும் இரண்டாம் மாடியும்

கேள்வி: சிங்கப்பூரில் கழிவுநீரைக் குடிநீராகவே மாற்றிவிடுகிறார்கள். குப்பையையும் எரித்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, மனிதக் கழிவு சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்று எழுதுவது பழைய பாட்டு இல்லையா? தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் ஊரே அழிந்துவிடுமா?
— ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: ஊர் அழியாது, அம்மா. உங்கள் புளோக்கின் இரண்டாம் மாடிக்காரர் வீட்டில் சமையலறைத் தரைத்துளை வழியாக உங்கள் முறுக்கு எண்ணெய் ஒருநாள் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான்.

மேலே இருக்கும் அத்தனை வீட்டுத் தண்ணீரும் ஒரே நெடுங்குழாயில் இறங்கி, அடியில் படுக்கைக் குழாயாகத் திரும்புகிறது. வேகம் குறையும் அந்த வளைவில்தான் கொழுப்பு படிகிறது. அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேல்மாடிக்கு ஏறாது. மிகத் தாழ்வான திறப்பைத் தேடும். கீழ்த்தளத்தில் பெரும்பாலும் வீடுகள் இல்லை என்பதால் அந்த அதிர்ஷ்டம் இரண்டாம் மாடிக்கு.

'வெந்நீரும் சோப்பும் சேர்த்து ஊற்றினேன், கரைந்துவிட்டது' என்பது அடுத்த சமாதானம். கரையவில்லை, பொடித்துளிகளாகச் சிதறியிருக்கிறது. சில மீட்டர் போனதும் சூடு தணிந்து, சோப்பு நீர்த்துப்போய், மறுபடி ஒன்றுசேரும். ஆட்டுக்கொழுப்பு நம் ஊர் வெப்பத்திலேயே உறையும். தேங்காய் எண்ணெய் இங்கே உறையாதே என்பீர்கள். உறைய வேண்டியதே இல்லை. பலமுறை காய்ந்த எண்ணெயில் கொழுப்பமிலங்கள் பிரிந்திருக்கும். கான்கிரீட்டிலிருந்து கசியும் கால்சியத்தோடு அவை சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாகிக் கல்லாக இறுகும். இதனால்தான் காப்பிக் கடைகளிலும் உணவகங்களிலும் கொழுப்புப் பொறி கட்டாயம்: நீரை நிதானப்படுத்தி, மிதக்கும் எண்ணெயைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்திவைக்கும் ஒரு பெட்டி. உங்கள் வீட்டில் அது கிடையாது.

அந்தக் கல்லுக்கு எலும்புக்கூடு கொடுப்பது கழிப்பறையில் போடும் ஈரத்துடைப்பான். கழிப்பறைத்தாளின் குட்டை நார்கள் நனைந்ததும் பிடி விட்டுப் பிரிந்துவிடும். ஈரத்துடைப்பானில் பெரும்பாலும் பாலியெஸ்டர் நார் கலந்திருக்கிறது, அது துணி. உறையில் என்ன எழுதியிருந்தாலும் அதன் இடம் குப்பைத்தொட்டி. முகம் துடைக்கும் டிஷ்யூவும் ஈரத்தில் கிழியாமலிருக்கப் பிசின் சேர்த்துச் செய்ததுதான்.

இனி 'சுத்திகரித்துவிடுகிறார்களே' என்ற உங்கள் பெரிய வாதம். அழுக்கு ஓர் ஆற்றைக் கொல்வது விஷத்தால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் மூச்சுத்திணறலால். ஒருவர் ஒரு நாளில் கழிப்பதையும் கழுவுவதையும் பாக்டீரியா தின்று முடிக்க ஏறக்குறைய 60 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 பாகை சூட்டில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 7.5 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால், ஒரே ஆளின் ஒரு நாள் கழிவு 8,000 லிட்டர் ஆற்றுநீரின் மூச்சை நிறுத்தப் போதும். உங்கள் எண்ணெய் ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோவுக்கும் மேல் ஆக்சிஜன் கேட்கும். அதாவது சுமார் மூன்றரை லட்சம் லிட்டர் நீர். (வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பத்து லட்சம் லிட்டர்' கதையை நானும் பார்த்தேன். உண்மைக் கணக்கே போதுமான அளவு மோசமாக இருக்கும்போது மிகைப்படுத்துவானேன்?)

இது ஏட்டுக் கணக்கல்ல, இந்த ஊரே பார்த்தது. சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் அன்று கறுத்து நாறியதற்குக் காரணம் இதுதான். பன்றிப் பண்ணை, புறம்போக்குக் குடிசை, ஆற்றோர உணவுக் கடை, தொங்காங் என்ற சரக்குப் படகு எல்லாவற்றின் கழிவும் சேர்ந்து நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறொரு பாக்டீரியா வேலைக்கு வரும். கடல் கலந்த நீரிலுள்ள சல்ஃபேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும். அழுகிய முட்டை வாடை அதனுடையது. கறுப்பு நிறம் அது இரும்போடு சேர்ந்த வண்டல். 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்துத் துப்புரவைத் தொடங்கி, 1987இல் முடித்தார்கள். மலவாளி எடுக்கும் முறை இந்நாட்டில் ஒழிந்ததும் அதே 1987இல்தான். உங்கள் 'பழைய பாட்டு' அவ்வளவு பழையதல்ல.

அன்று ஆறு செய்த வேலையை இன்று சாங்கி போன்ற நீர் மீட்பு ஆலைகளின் தொட்டிகள் செய்கின்றன. அதே பாக்டீரியா, அதே பசி. ஆக்சிஜனை மட்டும் இயந்திரம் ஊதுகிறது. இத்தகைய ஆலைகளின் மின்செலவில் பாதியளவை அந்தக் காற்றே தின்றுவிடும். பிறகு நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் (உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே நீரை அழுத்தித் தள்ளுவது), புற ஊதாக்கதிர் என்று மூன்று படி தாண்டினால் நியூவாட்டர் என்ற மீட்பு நீர். உள்ளே போகும் நாலு லிட்டரில் ஏறக்குறைய மூன்றுதான் அப்படி வெளிவரும். பிடித்து நிறுத்திய உப்பும் மற்றதும் மிச்ச ஒரு லிட்டரில் செறிந்து நிற்கும். தொட்டியில் பெருகிய பாக்டீரியாச் சேற்றை நொதிக்க வைத்து வாயு எடுத்து, பிழிந்து, எரிக்கிறார்கள். சாம்பலாகிறது. உங்கள் குப்பையும் எரிந்து பருமனில் பத்தில் ஒரு பங்குச் சாம்பலாகிறது. எல்லாச் சாம்பலும் துவாஸிலிருந்து மிதவையில் ஏறிப் போகும் இடம் செமாக்காவ் தீவு. 1999இல் கடலுக்குள் கல்லணை கட்டித் திறந்த இடம். போகும் வேகத்தில் போனால் 2035 வாக்கில் நிரம்பிவிடும். 'எரித்துவிடுகிறார்கள்' என்று நீங்கள் எழுதிய ஒற்றைச் சொல்லுக்கு அடியில் ஒரு தீவு நிரம்பிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் சுத்திகரிப்பு, சமையலறைத் தொட்டிக்கும் கழிப்பறைக்கும்தான். சாலையோர வடிகாலுக்குக் கிடையாது. இங்கே கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். லிட்டில் இந்தியாவில் கடை வாசலைக் கழுவி வடிகாலில் தள்ளும் வாளித் தண்ணீர் ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இந்நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர்பிடிப்புப் பகுதி. குப்பை மையத்துக்குக் கூரை போட்டு, தரை கழுவும் நீரைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருப்பதும் இதற்காகவே. நாய்க்கழிவையும் மீன்தொட்டி நீரையும் வடிகாலில் விடும்போது போய்ச்சேர்வது கிருமி மட்டுமல்ல. ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கு மேல் பாசியை, அதுவும் உலர்ந்த எடையில், வளர்க்க வல்லது. அந்தப் பாசி செத்து அழுகும்போது மறுபடியும் அதே ஆக்சிஜன் கணக்கு.

சரி, முறுக்கு எண்ணெய்க்கு வருவோம். முழுக்க ஆறட்டும். துணியில் வடிகட்டி ஒருமுறை தாளிப்புக்குப் பயன்படுத்தலாம். கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகைந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு லிட்டர் மிஞ்சினால் எண்ணெய் வந்த புட்டியிலேயே ஊற்றி மூடி வையுங்கள். சில வட்டாரங்களில் பழைய சமையல் எண்ணெய் சேகரிக்கும் பெட்டிகள் உண்டு. அது எரிபொருளாகப் போகும். கொஞ்சம்தான் என்றால் பழைய செய்தித்தாளில் சொட்டாத அளவு ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எரியும்போது நன்றாகவே எரியும். நீல மறுசுழற்சித் தொட்டியில் வேண்டாம், மற்றவர் போட்ட காகிதத்தையும் அது கெடுக்கும். வாணலியைக் கழுவுமுன் தாளால் ஒரு துடை. தொட்டித் துளையில் ஒரு மலிவான சல்லடை.

ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டதா? காஸ்டிக் சோடாவை மட்டும் கொட்டாதீர்கள். அது கொழுப்போடு சேர்ந்து சோப்பாகி, வளைவில் இன்னும் கெட்டியாக உட்காரும். கிளம்பும் சூட்டில் பிளாஸ்டிக் குழாயும் இளகக்கூடும். குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள். வருவதற்குள் இரண்டாம் மாடிக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுத்தனுப்புங்கள்.