நால்வருக்கு மட்டும் பூசினால் சிரங்கு போகாது

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்தில் 26 பேர் இருக்கிறார்கள். நான்கு பேருக்கு இரவெல்லாம் அரிப்பு. மருத்துவர் சிரங்கு என்று சொல்லி பெர்மெத்ரின் கிரீம் எழுதிக் கொடுத்தார். பூசியதும் அடங்கியது. ஒன்றரை மாதத்தில் ஏழு பேருக்கு வந்துவிட்டது. மருந்து சரியில்லையா?
– இல்லப் பொறுப்பாளர், தஞ்சாவூர்

பதில்: மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். சிரங்குப் பூச்சி முதல்முறையாக ஒருவருக்குத் தொற்றினால், அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போய்விடும். நால்வருக்குப் பூசிய அன்றே இன்னும் சிலரிடம் அது இருந்திருக்கும்.

ஆகவே மருத்துவரிடம் சொல்லி, அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 26 பேருக்கும், குளிப்பாட்டிவிடும் ஆயாக்களுக்கும், இரவுப் பணியாளர்களுக்கும் ஒரே நாளில் பூச ஏற்பாடு செய்யுங்கள். அன்று விடுப்பில் இருந்த ஒரு ஆயா போதும், மறுபடி உள்ளே கொண்டுவர.

இரவுச் சாப்பாடு முடிந்தபின், உலர்ந்த தோலில் 5 சதவீத கிரீமைப் பூச வேண்டும். கழுத்துக்குக் கீழே என்பது பொதுவான வழக்கம்; முதியவர்களுக்குத் தலை, நெற்றி, காதின் பின்புறமும் சேர்த்து. கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. நகத்தை வெட்டி நகத்தடியிலும் பூசுங்கள். விரல் இடுக்கு, தொப்புள், மார்பின் அடிமடிப்பு ஆகியவை வழக்கமாக விட்டுப்போகிற இடங்கள். ஒருவருக்குச் சுமார் 30 கிராம் ஆகும். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டலாம். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசியே ஆக வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

கிரீமைக் கழுவிக் குளிப்பாட்டும் அதே காலையில், முந்தைய மூன்று நாள் பயன்படுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

இன்னொன்றையும் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் யாருக்காவது கையில், முழங்கையில் தடித்த பொருக்கு உதிர்கிறதா? வறண்ட தோல் என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுவிடுவார்கள். அது பொருக்குச் சிரங்கு என்ற கடுமையான வகையாக இருக்கலாம். சாதாரண சிரங்கில் பத்துப் பதினைந்து பூச்சிதான். பொருக்குச் சிரங்கில் ஆயிரக்கணக்கில், சிலரிடம் லட்சக்கணக்கில். அரிப்பே இல்லாமலும் இருக்கலாம். அவரைத் தனி அறைக்கு மாற்றி, கையுறையுடன் பராமரித்து, உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐவர்மெக்டின் மாத்திரையும் தேவைப்படும்.

பூச்சி செத்தபிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். பயந்துபோய் வாராவாரம் கிரீம் பூசினால் தோல் எரிச்சல்தான் மிச்சம்.

கேள்வி: வாந்தி எடுத்த இடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்தால் போதாதா?
– வாசகி, மதுரை

பதில்: போதாது. வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரஸ் அதற்கு மசியாது. கைக்குச் சானிடைசரையும் நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும்தான். பழைய செய்தித்தாளால் மூடி அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிவறை ஆசிட்டோடு மட்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சமையல்காரருக்கு வந்திருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள்.