தெருவை எட்டிப் பார்க்கும் கல் மனிதர்கள்

கேள்வி: பிரான்சில் படிக்கும் என் மகள், பூர்ஜ் நகரில் உள்ள ழாக் கேர் மாளிகையின் படங்களை அனுப்பியிருந்தாள். வாசலின் இரு பக்கமும் மாடி ஜன்னலில் ஆட்கள் எட்டிப் பார்ப்பதுபோல் சிலைகள். யார் அவர்கள்? ஒரு வியாபாரிக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு?
- ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: அவை பொய் ஜன்னல்கள் அம்மா. ஜன்னலும் கல், ஆட்களும் கல். ஒரு வேலைக்காரரும் ஒரு வேலைக்காரியும் தெருவைப் பார்த்து நிற்கிறார்கள். எஜமானர் வருகிறாரா என்று பார்ப்பதாகச் சொல்வார்கள். இருவருக்கும் நடுவே, குதிரைமேல் அமர்ந்த ஏழாம் சார்லஸ் அரசரின் சிலை இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அது போய்விட்டது.

கீழே கடை, மேலே குடித்தனம் என்று வியாபாரிகள் வாழ்ந்த காலம் அது. நான் பிறந்த கொத்தவால்சாவடிப் பக்கத்திலும் அப்படித்தான். ழாக் கேர் அந்த வழக்கத்தை மீறி, 1443-இல் முற்றம் வைத்து இந்த வீட்டைத் தொடங்கினார். மத்தியதரைக் கடலில் கப்பல் விட்டு, கிழக்கத்திய பட்டும் வாசனைப் பொருளும் இறக்கிய பணம். அன்று அலெக்சாந்திரியாவில் விற்ற மிளகு நம் மலபார்க் கரையில் விளைந்தது என்பதால் எனக்கு இந்த வீட்டின்மேல் தனிப் பாசம். அரண்மனைக்கு வேண்டிய துணிமணி, நகைநட்டு வாங்கித் தரும் பொறுப்பும் அவருடையதே. ஆங்கிலேயரிடமிருந்து நார்மண்டிப் பகுதியை மீட்கும் போருக்கு அரசருக்கே கடன் கொடுத்தவர்.

உங்கள் மகளை முற்றத்துக்குள் போய்ப் படிக்கட்டு வாசல்களை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். சமையலறைப் படிக்கட்டின் வாசலுக்கு மேலே சமையல் வேலை நடக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். சிற்றாலயத்துக்கு ஏறும் இடத்தில் பூசைக்கு ஆயத்தமாகும் காட்சி. எந்தப் படி எங்கே போகும் என்று புதிதாக வந்த வேலையாளுக்கும் புரிந்திருக்கும். எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்தது இதுதான். வெந்நீர் ஆவியில் குளிக்க ஓர் அறை, கல்லில் ஒரு கப்பல், காணும் இடமெல்லாம் அவர் சின்னங்களான இதயமும் சிப்பியும்.

பின்பக்கம் போனால் வேறு வீடோ என்று தோன்றும். ரோமானியர் காலத்து ஊர்மதிலையும் அதன் கோபுரங்களையும் இடிக்காமல் அப்படியே வீட்டோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் தெருப்பக்கம் நுணுக்கமான சிற்ப வேலை, பின்பக்கம் கோட்டை.

அவர் அனுபவிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. வேலை முடிகிற சமயம், 1451-இல் கைதானார். அரசரின் காதலி ஆக்னஸ் சொரெலுக்கு விஷம் வைத்தார் என்பது முதலில் எழுந்த பழி. அவரிடம் கடன்பட்ட பிரபுக்கள் பலருக்கு அவர் வீழ்ந்தது வசதியாயிற்று. 1454-இல் சிறையிலிருந்து தப்பி ரோமுக்குப் போனார். 1456-இல் கிரேக்கத்துக் கியோஸ் தீவில் இறந்தார்.

மகள் மறுபடி போனால் அதே ஊர்க் கதீட்ரலுக்கும் போகட்டும். கேர் குடும்பம் செய்து கொடுத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் அங்கே இருக்கிறது. மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி.