நாலரை அடிக் குளத்தில் தலைகீழ் டைவ் வேண்டாம்

கேள்வி: கோவையில் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் எட்டு வயது மகள் நன்றாக நீந்துகிறாள். இப்போது தலைகீழாக டைவ் அடிக்க ஆசைப்படுகிறாள். ஒவ்வொரு முறையும் வயிறு பளாரென்று தண்ணீரில் அறைகிறது. குளத்தின் ஆழம் நாலரை அடி. எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: அந்தக் குளத்தில் அவள் கரையிலிருந்து தலைகீழாகப் பாய்வதை இன்றே நிறுத்திவிடுங்கள். வயிறு அறைய விழுந்ததுதான் இதுவரை அவளைக் காப்பாற்றியிருக்கிறது. டைவ் சரியாக அமைந்திருந்தால் தலை நேரே தரையில் போய் முட்டியிருக்கக்கூடும். அப்படி முட்டினால், வந்த வேகத்தோடு உடலின் எடையும் கழுத்தெலும்புகளின் மேல் இறங்கித் தண்டுவடம் நசுங்கக்கூடும். கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கவும் கூடும். தலைகீழாகப் பாயக் குறைந்தது 9 அடி ஆழம் வேண்டும் என்பது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. நீச்சல் போட்டிகளில் 1.35 மீட்டர், அதாவது ஏறக்குறைய உங்கள் குளத்தின் ஆழமே போதுமே என்று கேட்கலாம். அது நீர்மட்டத்தை ஒட்டிச் சறுக்கிச் செல்லப் பல காலம் பயின்ற வீரர்களுக்கானது. தாத்தா ஊர்க் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர் என்று யாரேனும் தைரியமூட்டினால், அந்தக் கிணற்றில் எத்தனை ஆள் ஆழம் தண்ணீர் இருந்தது என்றும் கேளுங்கள்.

வயிறு அறைவதற்குக் காரணம், தண்ணீரைத் தொடப்போகும் கடைசி நொடியில் குழந்தை தலையை நிமிர்த்துவதுதான். எங்கே விழப்போகிறோம் என்று பார்க்கும் பயத்தில் முகம் உயர்கிறது, கூடவே மார்பும் உயர்ந்து உடல் பலகை போல் கிடைமட்டமாகிவிடுகிறது. "தலையைத் தூக்காதே" என்று கரையிலிருந்து கத்துவதால் இந்தப் பயம் போகாது. தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தபடி இயல்பாக இருக்கப் பழகினால் போகும், அதற்கு உங்கள் நாலரை அடிக் குளமே போதும். அடியில் கிடக்கும் நாணயத்தை அவள் மூழ்கி எடுக்கட்டும். பிறகு, ஒரு புறங்கையின் மேல் மறு உள்ளங்கையை வைத்து, மேற்கைகள் காதுகளை அழுத்த, சுவரைக் காலால் உந்தி நீருக்கடியில் சறுக்கட்டும். விரல் நுனிகளை மேல்நோக்கித் திருப்பினால் உடலும் மேலே திரும்புவதை அவளே உணர வேண்டும். கைகள் காதைவிட்டு விலகாமல் இருப்பது மிக முக்கியம். டைவில் தலைக்குக் கவசம் அந்தக் கைகளே.

இவை பதற்றமில்லாமல் வந்த பின், டைவிங்குக்கெனத் தனி ஆழக் குளம் உள்ள இடத்தில் பயிற்சியாளரிடம் விடுங்கள். சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் அத்தகைய குளம் உண்டு. உங்கள் ஊரில் எங்கே இருக்கிறதென்று விசாரியுங்கள், ஆழத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே முதல் டைவ் உட்கார்ந்தபடிதான்: குளத்தின் விளிம்பில் அமர்ந்து, கைகளைக் காதோடு சேர்த்து நீட்டி, தாடையை மார்பில் ஒட்டி, மெல்லச் சாய்ந்து விழ வேண்டும். குதிக்கவே கூடாது. "தொப்புளைப் பார்" என்று சொன்னால் குழந்தைகளுக்கு உடனே புரிகிறது. அடுத்து ஒரு முழங்கால் ஊன்றி, பின்பு குனிந்து நின்று, கடைசியாக நிமிர்ந்து நின்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில நாட்கள் பிடிக்கலாம். அவசரப்படுவது பெரும்பாலும் பெற்றோர்தான். பின்னாலிருந்து தள்ளிவிடும் வேலை மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

சளியோ காதுவலியோ இருக்கும் நாளில் டைவ் பயிற்சிக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.