பயனர்கள் அனுப்பும் தரவிலிருந்து வட்டின் நம்பகத்தன்மையைக் கணித்தல்: கேள்வி பதில்

கேள்வி: பயனர்கள் தங்கள் கணினிகளிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் (வன்வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துப் பதிவு செய்யும் வசதி) அறிக்கைகளின் தொகுப்பில், நான் வாங்க நினைக்கும் மாடலில் 40 வட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓராண்டு ஓடியது, ஒன்றுகூடப் பழுதாகவில்லை. நம்பலாமா?

பதில்: அந்தப் பூச்சியத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழுதே காணாத நிலையில், மொத்த வட்டு-ஆண்டுகளால் (ஒரு வட்டு ஓராண்டு ஓடினால் ஒரு வட்டு-ஆண்டு, இங்கே 40) 3ஐ வகுத்தால், 95 சதவீத நம்பிக்கையில் பழுது வீதத்தின் மேல் எல்லை கிடைக்கும். 3ஐ 40ஆல் வகுத்தால் 7.5 சதவீதம். ஆண்டுக்கு நூற்றில் ஏழு பழுதாகும் மோசமான மாடலும் இதே பட்டியலைத் தந்திருக்கக்கூடும்.

கேள்வி: எல்லா வட்டுகளும் ஓடிய மணிநேரத்தைக் கூட்டிப் பழுதுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா?

பதில்: பலரும் தவறுவது இங்கேதான். ஒரு வட்டின் முதல் அறிக்கை 20,000 மணி நேரத்திலும் அடுத்தது 23,000 மணி நேரத்திலும் வந்ததாக வைத்துக்கொள்வோம். நாம் உண்மையில் கண்காணித்தது இடைப்பட்ட 3,000 மணி நேரத்தை மட்டுமே. ஏனெனில் 15,000 மணி நேரத்தில் செத்துப்போன அதன் உடன்பிறப்பு நம் பட்டியலுக்கு வந்தே இருக்காது. முழு 23,000ஐயும் வகுபடும் எண்ணில் சேர்த்தால், பிழைத்தவற்றின் வயதையெல்லாம் நற்சான்றாக எண்ணியவர்களாவோம். பேக்பிளேஸ் என்ற இணையவழித் தரவுச் சேமிப்பு நிறுவனம் 2013 முதல் தன் வட்டுகள் ஒவ்வொன்றின் நிலையையும் நாள்தோறும் பதிவு செய்து வெளியிடுவதால், அங்கே இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஆனால் தரவு மையத்தில் இடைவிடாமல் சுழலும் வட்டின் வீதத்தை மேசைக் கணினிக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கேள்வி: எந்த எண்ணைப் பழுதின் அறிகுறியாகக் கொள்வது?

பதில்: ஸ்மார்ட் அறிக்கையில் ஒவ்வொரு அளவீட்டுக்கும், அதாவது பண்புக்கும், ஓர் எண் உண்டு. அவற்றில் 5 (மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், அதாவது பழுதானதால் வேறிடத்துக்கு மாற்றிய சேமிப்புப் பகுதிகள்), 187 (திருத்த முடியாத பிழைகள்), 197 (மாற்றக் காத்திருக்கும் செக்டர்கள்), 198 (திருத்த முடியாத செக்டர்கள்) ஆகியவற்றைப் பாருங்கள். 199 (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) ஏறினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சீகேட் வட்டுகளில் 1ஆம் பண்பின் (வாசிப்புப் பிழை வீதம்) மூல மதிப்பு கோடிக்கணக்கில் தெரிவது இயல்பு. பிழை எண்ணிக்கையும் வாசிப்பு எண்ணிக்கையும் ஒரே எண்ணில் அடைக்கப்பட்டுள்ளன. அதைப் பிழைகளாகக் கூட்டிய தரவரிசை எதையும் நான் ஏற்பதில்லை. அறிகுறி இல்லாததும் உறுதிமொழி ஆகாது: கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை மிக வலுவான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

கேள்வி: ஒரே வட்டின் அறிக்கையைப் பலமுறை அனுப்பினால் கணக்குக் கெடுமா?

பதில்: வட்டின் வரிசை எண்ணின் ஹாஷ் மதிப்பை (அந்த எண்ணை வெளிக்காட்டாமல் அதிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) கொண்டு ஒன்றாக இணைத்துவிட்டால் கெடாது, மாறாக, மேலே சொன்ன இடைவெளிகள் அவற்றிலிருந்துதான் கிடைக்கின்றன. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் அனுப்புங்கள். வட்டு செத்து மாற்ற நேர்ந்தால், அதைக் குறிப்பிட வழியிருக்கும் இடத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள், ஏனெனில் இயங்காத வட்டால் தன் அறிக்கையைத் தானே அனுப்ப முடியாது.