பயந்து வளர்ந்த பிள்ளையின் இதயம்

கேள்வி: என் தங்கை மகனுக்கு 9 வயது. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். எட்டு மாதமாக என்னிடம் இருக்கிறான். தெருவில் பைக் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்து, "நெஞ்சு படபடன்னு அடிக்குது பெரியம்மா" என்கிறான். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னால் ஹார்ட் அட்டாக் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அவன் நடிக்கவில்லை. பைக் சத்தம் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவன் உடம்புக்கு மனப்பாடம். சத்தம் கேட்டதும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்து நீங்கினால் இது அடங்கிவிடும். தினம் தினம் பயந்த பிள்ளைக்கு முழுதாக அடங்குவதில்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் ஒழுங்கு குலைகிறது, தூக்கம் கெடுகிறது, ரத்தத்தில் லேசான அழற்சி (நோயை எதிர்க்க உடம்பு காட்டும் எதிர்வினை, இன்ஃப்ளமேஷன்) நீடிக்கிறது. பல வருடங்கள் இப்படியே போனால் பி.பி.க்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் அது வழிவிடலாம். வளர்ந்த பின் மனப்புழுக்கத்தைத் தணிக்க சிகரெட், மது என்று போனால் இன்னும் மோசம்.

நீங்கள் கேள்விப்பட்டதற்கு அடிப்படை உண்டு. 1995 முதல் 1997 வரை அமெரிக்காவின் சான் டியாகோவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்கள் சிறுவயதில் பட்ட அடி, புறக்கணிப்பு, வீட்டில் இருந்த குடிப்பழக்கம் பற்றியெல்லாம் கேட்டார்கள். அத்தகைய துன்பங்களில் ஏழு வகைக்குக் குறையாமல் பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட இதய நோய் வாய்ப்பு 3 மடங்குக்கும் மேல் என்று 2004-ல் கணக்கிட்டார்கள். ஆனால் இது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. இதை வைத்து உங்கள் பிள்ளைக்கு ஜாதகம் எழுத முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறங்களில் நடந்த இன்னொரு ஆய்வு. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 11 வயதுப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் 7 வாரம் பயிற்சி கொடுத்தார்கள்: அரவணைப்பது, ஒரே மாதிரி ஒழுங்கைக் கடைப்பிடிப்பது, மனம்விட்டுப் பேசுவது. பிள்ளைகளுக்கு 19 வயதானபோது ரத்தத்தைச் சோதித்தால், பயிற்சி பெறாதவர்களைவிட அழற்சி குறைவு. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

அந்த வேலையை நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். பைக் சத்தம் வரும்போது "ஒண்ணுமில்லடா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது ஒன்றுமில்லாத விஷயமில்லை. கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போய், "பாரு, எதிர்வீட்டு மாமா வண்டி" என்று காட்டுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே விடுங்கள்.

அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் அதுதான். தினமும் ஒரே நேரத்தில் அவளோடு போனில் பேச வையுங்கள். தங்கை இன்னும் அடிபடுகிறாள் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்; பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

சாப்பாடும் படுக்கையும் நேரத்துக்கு இருக்கட்டும். இந்த வயதில் 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். ஹார்ட் வீக் என்று நினைத்து விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள், நன்றாக ஓடட்டும். அவன் காதுபட "ஹார்ட் பிரச்சினை" என்ற பேச்சே வேண்டாம்.

வருடம் ஒருமுறை பி.பி. பாருங்கள். கையில் சுற்றும் பட்டை சிறுவர் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களுக்கான பட்டையில் அழுத்தம் குறைத்துக் காட்டும். படபடப்பும் கெட்ட கனவும் தொடர்ந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, சும்மா இருக்கையில் படபடப்பு சுவிட்ச் போட்டாற்போல் திடீரெனத் தொடங்கி திடீரென நின்றாலோ, பழைய ஈ.சி.ஜி. நார்மல்தானே என்று இருந்துவிடாதீர்கள். குழந்தைகள் இதய மருத்துவரிடம் உடனே கூட்டிப்போங்கள்.